சின்னம்மாவுக்கு ஏழு, அண்ணனுக்கு ஐந்து: வாழ்க்கைத் திருப்தியைக் கொண்டு வரியின் நியாயத்தை அளக்கலாமா?

வடலி (கேள்வி)

கடந்த மாதம் கோப்பாயில் உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து பந்தலின் கீழ் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். பூச்சியம் முதல் பத்து வரை படிகள் கொண்ட ஏணி ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். உச்சியில் இருப்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடியில் இருப்பது மிக மோசமான வாழ்க்கை. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹாட்லி கன்ரில் என்ற உளவியலாளர் 1965இல் எழுதிய நூலில் விளக்கிய முறை இது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2024இல் இலங்கை 143 நாடுகளுள் 128ஆம் இடத்துக்கு வந்ததும் இந்த ஏணிக் கேள்விக்குக் கிடைத்த விடைகளை வைத்துத்தான்.

என் சின்னம்மா கணவனை இழந்தவர். மகள் தைத்துக் கொண்டுவரும் பணத்தோடு அரசின் அஸ்வெசும நிவாரண உதவி மாதம் 10,000 ரூபாவும் சேர்ந்து, வீட்டுச் செலவு ஏறத்தாழ 60,000 ரூபாவுக்குள் ஓடுகிறது. அவர் சற்றும் யோசிக்காமல், "ஏழு போடு மோனை, எனக்கென்ன குறை" என்றார். பக்கத்தில் இருந்த பெரியப்பாவின் மகன் வைத்திய நிபுணர். எல்லாம் சேர்த்து மாதம் 4 இலட்சம் வரை உழைப்பவர். அவர் ஐந்து என்றார். காரணம் கேட்டபோது, "36 வீதம் வரியாகப் பிடித்தால் வேறு என்ன சொல்வது?" என்று கேட்டார்.

மக்களின் வாழ்க்கைத் திருப்தியை வைத்தே வரியும் நிவாரணமும் நியாயமாகப் பகிரப்பட்டிருக்கின்றனவா என்று மதிப்பிட வேண்டும் எனச் சில பொருளியலாளர்கள் வாதிடுவதை வாசித்திருக்கிறேன். அப்படியானால் என் பந்தல் கணக்கின்படி, ஏழாம் படியில் நிற்கும் சின்னம்மாவிடமிருந்து எடுத்து ஐந்தாம் படியில் நிற்கும் அண்ணனுக்குக் கொடுப்பதுதானே நீதி? இது அபத்தம் என்று உள்மனம் சொல்கிறது. ஆனால் எந்த இடத்தில் கணக்குப் பிழைக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை. விடயம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கணக்கன்

வடலி அவர்களுக்கு, நீங்கள் பார்த்தது இருவரும் நிற்கும் படியை. வரிக்கு வேண்டியது அதுவல்ல. ஒருவரிடமிருந்து ஆயிரம் ரூபாவை எடுத்தால் அவர் எவ்வளவு கீழே இறங்குவார், இன்னொருவருக்கு அதே ஆயிரத்தைக் கொடுத்தால் அவர் எவ்வளவு மேலே ஏறுவார் என்பதே கேள்வி. இயல்பிலேயே சலித்துக்கொள்பவர் ஒருவர் எவ்வளவு பணம் வந்தாலும் ஐந்திலேயே நிற்கலாம். அவருக்குக் கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை. உங்கள் அபத்தத்தின் பாதி இந்தக் குழப்பத்தில் இருக்கிறது. மற்றப் பாதி உண்மையான சிக்கல். அதை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

பொருளியல் அறிஞர் ஜோன் ஸ்ருவட் மில் 1848இலேயே வரி என்பது எல்லோருக்கும் சமமான தியாகமாக இருக்கவேண்டும் என்று எழுதிவிட்டார். ஆனால் தியாகத்தை அளக்கும் கோல் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. வாழ்க்கைத் திருப்தித் தரவுகள் அந்தக் கோலாக இருக்கமுடியும் என்பதுதான் இன்றைய வாதத்தின் சாரம். பல நாடுகளின் தரவுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: வருமானம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் திருப்தி ஏறத்தாழ ஒரே அளவு உயர்கிறது. 50,000 ரூபா ஒரு இலட்சமாகும்போது கிடைக்கும் உயர்வைப் பெற, 4 இலட்சம் உழைப்பவருக்கு 8 இலட்சம் வேண்டும்.

இதிலிருந்து பலரும் உடனே, "ஆகவே பணக்காரரிடம் கூடிய வீதத்தில் வரி அறவிட வேண்டும்" என்று முடிவுகட்டுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. திருப்தி மேற்சொன்ன விதத்தில் நடந்து, எல்லோரும் ஒரே அளவு தியாகம் செய்யவேண்டும் என்றால், வரும் விடை எல்லோருக்கும் ஒரே வீதம். 10 வீதம் என்றால் ஏழைக்கும் 10, செல்வந்தருக்கும் 10. கூடிய வருமானத்துக்குக் கூடிய வீதம் என்ற முடிவுக்கு வர, ரூபாவின் பெறுமதி அதைவிட வேகமாகக் குறையவேண்டும். லேயார்ட், மேராஸ், நிக்கல் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் 1972 முதல் 2005 வரையான காலத்தில் 50க்கு மேற்பட்ட நாடுகளில் எடுக்கப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், வருமானம் 1 வீதம் கூடும்போது அடுத்த ரூபாவின் பெறுமதி ஏறத்தாழ 1.26 வீதம் குறைகிறது என்று கண்டார்கள். 1க்கும் 1.26க்கும் இடையிலான அந்தச் சிறிய வேறுபாட்டில்தான் படிமுறை வரியின் நியாயம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் உறவினர்களுக்கு வருவோம். அண்ணன் சொல்லும் 36 வீதம் கடைசித் தட்டுக்கு மட்டுமே உரியது. 2025 ஏப்ரலுக்குப் பிறகு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவுக்கு வரியில்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பின்னர் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30, எஞ்சியதற்கு 36. ஆண்டுக்கு 48 இலட்சம் பெறுபவர் கட்டுவது 6 இலட்சம், அதாவது மாதம் 50,000. மொத்த வருமானத்தில் 12.5 வீதம். சின்னம்மா தாம் வரியே கட்டுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவருடைய செலவில் பாதி வற் (பெறுமதி சேர்) வரிக்கு உட்பட்ட பொருட்களுக்குப் போகிறது என்று வைத்தால் (அரிசிக்கும் மரக்கறிக்கும் அது இல்லை, எரிவாயுவுக்கும் சவர்க்காரத்துக்கும் உண்டு), 18 வீத வற் வரியாக மாதம் ஏறத்தாழ 4,576 ரூபா அவர் கையிலிருந்து போகிறது. அது 60,000இல் 7.6 வீதம்.

1.26 என்ற எண்ணை வைத்து இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சின்னம்மா இழக்கும் 4,576 ரூபாவும் அண்ணன் இழக்கும் 50,000 ரூபாவும் திருப்திக் கோலில் ஏறத்தாழச் சமம். விடை கண்டு நானே ஒருமுறை திரும்பக் கணக்கிட்டேன். அண்ணனும் கடையில் வற் கட்டுகிறார், சின்னம்மாவுக்கு 10,000 ரூபா திரும்பி வருகிறது என்பவற்றையும் சேர்த்தால், சம தியாகம் என்ற அளவுகோலின்படி அண்ணனின் முறைப்பாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சம தியாகம் ஒன்றே நீதி அல்ல. அண்ணனிடமிருந்து மேலும் 10,000 எடுத்துச் சின்னம்மாவிடம் கொடுத்தால், வருமானம் இரட்டித்தால் திருப்தி ஒரே அளவு உயரும் என்ற மிதமான முதற் கணக்கின்படி பார்த்தாலும், அவர் இழப்பதைவிட இவர் பெறுவது ஐந்து மடங்குக்கு மேல். எந்த அளவுகோலைத் தெரிவுசெய்வது என்பதைத் தரவு சொல்லாது. அது நாம் தெரிவுசெய்யவேண்டிய விடயம்.

ஒஸ்லோவாசி

கணக்கன் ஐயா சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் அவருடைய கணக்கில் ஒவ்வொருவரும் தனித்தீவில் வாழ்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி யார் வாழ்ந்தார்கள்?

நான் முப்பது ஆண்டுகளாக நோர்வேயில் இருக்கிறேன். இங்கே ஒவ்வொருவரின் வருமானமும் கட்டிய வரியும் நெடுங்காலமாகவே பகிரங்கப் பதிவு. முன்னர் அதைப் பார்க்க அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். 2001இல் செய்தித்தாள்கள் இணையத்தில் ஏற்றியபின், அயலவரின் பெயரைத் தட்டினால் போதும் என்றாகியது. தமிழரும் தட்டினார்கள், யார் வீட்டில் எவ்வளவு வருகிறது என்பது கல்யாண வீட்டுக் கதையாக மாறியதை நானே கேட்டிருக்கிறேன். அந்த மாற்றத்தை ஆராய்ந்து ரிக்கார்டோ பெரேஸ்-துருக்லியா 2020இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வசதியானவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளி 29 வீதமும் வாழ்க்கைத் திருப்தி இடைவெளி 21 வீதமும் விரிந்தன. வருமானமோ வரியோ மாறவில்லை. மாறியது அறிவு மட்டுமே. 2014 முதல் தேடியவர் யார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரியவரும் என்று விதித்தபின் தேடல்கள் பெருமளவு குறைந்துவிட்டன.

இப்போது எங்கள் ஊரை எண்ணிப் பாருங்கள். நோர்வேக்காரருக்கு இணையம் தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரு மாடி வீடும் மதிலும் போதும். வெளிநாட்டுப் பணத்தில் ஒரு ஒழுங்கையில் ஒரு வீடு எழும்பினால் மற்ற ஐந்து வீட்டாரும் தங்கள் ஏணியில் ஒரு படி இறங்குவார்கள், அவர்களின் வருமானத்தில் ஒரு சதம் குறையாமலே. அந்த இறக்கத்துக்கு அரசு நட்டஈடு கொடுக்கவேண்டுமா? பொறாமையால் வந்த இழப்பையும் பசியால் வந்த இழப்பையும் திருப்திக் கேள்வி ஒரே எண்ணாகத்தான் தருகிறது. (நானும் அப்படி ஒரு வீடு கட்டியவன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஓய்வுநிலை

நான் கிராம அலுவலராகப் பல ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன்.

2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை என்று 22 அளவுகோல்களை வைத்தார்கள். முதலாவது பட்டியல் வந்த கிழமையே, தகுதி உள்ளவர் விடுபட்டார், இல்லாதவர் உள்ளே வந்தார் என்று நாடு முழுவதும் முறையீடுகள் குவிந்தன. அந்த 22இலும் பெரும்பாலானவை கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடியவை. வாகனம் இருக்கிறதா, கூரை எதனால் ஆனது என்று போய்ப் பார்க்கலாம். அவற்றிலேயே இவ்வளவு பிணக்கு. இருபத்துமூன்றாவதாக "நீங்கள் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" என்று சேர்த்தால், மறுநாளே ஊர் முழுவதும் பூச்சியத்தில் நிற்கும். அப்போதும் இந்தச் சின்னம்மாவைப் போன்ற ஒருவர் மட்டும் ஏழு என்று உண்மையைச் சொல்லிவிட்டு, கொடுப்பனவை இழந்து வீட்டுக்குப் போவார்.

ஆகவே இந்தக் கேள்வியைப் பெயர் குறிப்பிடாத மாதிரி ஆய்வில் கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் கேட்காதீர்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பாசையூர்

நான் கடற்றொழில் குடும்பத்தைச் சேர்ந்தவன். பொருளியல் படித்தவன் அல்லன். இங்கே எல்லோரும் வரியின் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தது. அது வரியல்ல, விலைத் திருத்தம் என்றார்கள். வெளியிணைப்பு இயந்திரத்தோடு கடலுக்குப் போகிறவனுக்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அதற்கு முன்பிருந்த விலை நெடுங்காலம் நிலைக்கமுடியாதது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஆறு மாதத்தில் படிப்படியாக வரும் என்று முன்கூட்டியே அறிந்திருந்தால், வலையை விற்காமல் எப்படிச் சமாளிப்பது என்று சிலராவது யோசித்திருப்பார்கள். அன்று எங்கள் துறையில் யாரிடமாவது நீங்கள் ஏணியைக் காட்டியிருந்தால் அதைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து இன்று அதே ஆட்கள் ஆறு, ஏழு என்று சொல்லக்கூடும். பழகிவிட்டார்கள் என்பதால் அன்று நடந்தது நியாயமாகிவிடுமா?

கணக்கன்

பாசையூர் அவர்கள் கேட்டது இந்தத் திரியின் மையக் கேள்வி. பழகிப்போதல் மேலிருப்பவருக்கும் உண்டு என்பதற்கு வடலியின் அண்ணனே சான்று. மாதம் 4 இலட்சம் என்ற அதே ரூபாத் தொகைக்கு, 2019இல் இருந்த முறையின்படி வரி மாதம் ஏறத்தாழ 42,000. 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட வரிக் குறைப்புக்குப் பிறகு ஆண்டுக்கு 30 இலட்சம் வரை வரிவிலக்குக் கிடைத்ததால் அது 9,000 ஆக இறங்கியது. நாடு கடனைக் கட்டமுடியாத நிலைக்கு வந்தபின், 2023 ஜனவரியில் 70,500 ஆக ஏறியது. 2025 ஏப்ரலில் 50,000. (விலைவாசியை நான் இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்றைய 4 இலட்சம் 2019இன் 4 இலட்சத்துக்குக் கிட்டவும் வராது.) அவர் மனதில் இயல்பு நிலை என்று பதிந்திருப்பது அந்த 9,000 ரூபாக் காலம். அதைத் தமக்கு உரித்தானது என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இறங்கிய தூரத்தை அளந்து ஐந்து என்கிறார். அதே காலத்தில் வற் வரியும் 15இலிருந்து 8க்கு இறங்கி, 2022இல் 12, பின்னர் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. சின்னம்மாவும் அதே ஊஞ்சலில்தான் இருந்தார். ஆனால் அவருக்குச் சம்பளத்தாளில் எவரும் அதை எழுதிக் காட்டவில்லை. கண்ணுக்குத் தெரியும் வரி திருப்தியைக் குறைக்கிறது. தெரியாத வரி விலைவாசி என்ற பெயரில் குறைக்கிறது. திருப்தியை மட்டும் பார்க்கும் அரசு இதிலிருந்து கற்றுக்கொள்ளக்கூடிய பாடம், வரியை ஒளித்து வையுங்கள் என்பதாகவும் இருக்கலாம். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து

சின்னம்மா சொன்ன ஏழு என்ற எண்ணைப் பற்றி இன்னும் எவரும் நேராகப் பேசவில்லை. கணக்கன் ஐயா விட்டுவைத்த மற்றப் பாதி அதுதான்.

பொருளியலாளர் அமர்த்தியா சென் பல இடங்களில் வற்புறுத்திய எதிர்ப்பு இது: நெடுங்காலம் இல்லாமையில் வாழ்ந்தவர் தம் ஆசைகளை இல்லாமையின் அளவுக்கு வெட்டிக்கொள்கிறார், வெட்டிக்கொண்டதால் வரும் மனநிறைவை அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தக்கூடாது. உங்கள் சின்னம்மா 1995 ஒக்ரோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து மூட்டையோடு நடந்த தலைமுறையாக இருந்தால், அவருடைய ஏணியின் அடிப்படி எங்கே ஊன்றப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அண்ணனின் உச்சிப்படியோ மெல்பேர்னிலோ லண்டனிலோ கூடப் படித்தவர்களின் வீட்டு முற்றத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கலாம். இரண்டு ஏணிகளும் ஒரே நீளமுடையவை அல்ல.

ஆயினும் இதனால் முயற்சியையே கைவிடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2021இல் பிரித்தானியத் திறைசேரி வெளியிட்ட வழிகாட்டி, ஒருவரின் திருப்தி ஓராண்டுக்கு ஒரு படி உயர்வதை 13,000 பவுண் பெறுமதியாகக் கணிக்க இடமளிக்கிறது. அங்கே ஏழையின் ஒரு படியும் செல்வந்தரின் ஒரு படியும் ஒரே பெறுமதி உடையவை. யாருடைய பை கனமானதோ அவருடைய விருப்பத்துக்குக் கூடிய எடை கொடுக்கும் பழைய கணிப்பு முறைகளைவிட அது முன்னேற்றம்தான். ஒரு வைத்தியசாலைச் சேவையையும் ஒரு வீதித் திட்டத்தையும் ஒப்பிட அது உதவும். யாருக்கு எவ்வளவு வரி என்பதை அதனிடம் கேட்பது பொருந்தாது.

ஏணிகளின் நீளத்தை ஒப்பிடவும் ஒரு வழி உண்டு. கேரி கிங்கும் உடனாசிரியர்களும் 2004இல் முன்வைத்த முறையில், கற்பனை மாந்தர் சிலரின் நிலையை எல்லோருக்கும் ஒரே சொற்களில் வாசித்துக்காட்டி, அவர்களை எந்தப் படியில் வைப்பீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சொன்ன விடையை அதோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவார்கள். வடலி, உங்கள் பந்தலில் அதைச் செய்யத் தவறிவிட்டீர்கள். சின்னம்மாவின் நிலையிலேயே உள்ள வேறொரு பெண்ணைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். முகவரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.

வடலி

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் ஐயாவின் கணக்கை அண்ணனுக்கு அனுப்பினேன். 12.5 வீதத்தை மறுக்கவில்லை. ஆனால் "சம தியாகம் என்று அவரே ஒப்புக்கொள்கிறாரே" என்ற வரியை மட்டும் தெரிந்தெடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

திருநெல்வேலியிலிருந்து எழுதியவர் சொன்னபடி நேற்றுச் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். முல்லைத்தீவில் ஒரு பெண், வயது அறுபத்துநான்கு, கணவன் இல்லை, மகளின் தையல் பணமும் அஸ்வெசும 10,000 ரூபாவும், கிணறு கோடையில் உவர்க்கிறது, காதுத்தோடு மூன்று ஆண்டாக அடகில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். கிணறும் தோடும்கூடச் சின்னம்மாவுடையவைதான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பாவம். அவளுக்கு மூண்டுக்கு மேல போடேலாது. அரசாங்கம் அதுக்கு இன்னும் கொஞ்சம் குடுக்க வேணும் எல்லே?"

அந்தத் திருத்தமுறையின்படி அவர் சொன்ன ஏழு என்பதை நான் இப்போது மூன்று என்று பதியவேண்டுமா, அல்லது தமக்கு ஏழு என்று அவரே சொன்ன விடையை மதித்து அப்படியே விடவேண்டுமா? அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை. அவரைப் போன்ற ஒருவரை விவரிக்கத் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே பிடித்துவிடுவார்.